வாளிக்குப் போன துணிமூட்டை

பழைய துணிகளை வாங்கிப் பைகளும் திரைகளும் தைத்து விற்பவள் தங்கத்தாய். அவள் சேர்த்து வைத்திருந்த மூட்டையை, குப்பை என்று சொல்லி, தம்பி பேச்சிராஜா பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டான். இன்று அவன் தூங்கி எழும் முன்பே வெளியே கிளம்பியவள், அந்த வாளியிலேயே ஒரு சீட்டை ஒட்டினாள்.

"ஏலே பேச்சி, கருவாட்டுக் குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடு. கேசரி சாயந்திரம் ஒன்னைப் பாக்க வார பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு, தொடாதே. பீரோ சாவி ஒன் ஜீன்ஸ் பேண்ட்டோட பின்பாக்கெட்டுல கிடக்கு. பேண்ட்டைத் தேடாதே, அது இப்ப சோபா உறை. மத்த பேண்ட்டெல்லாம் திண்டு உறை. பட்டன் வச்சுத்தான் தச்சிருக்கேன், கழத்துனா ஜன்னல் திரையாவும் தொங்கவிடலாம். பேண்ட்டா மட்டும் திரும்ப ஆகாது. வாரவங்க நல்லாயிருக்குன்னு சொன்னா, எங்க அக்கா குப்பையில தச்சதுன்னு ஒன் வாயால சொல்லணும். ஒனக்கு இடுப்புல சுத்திக்க ஒரு கட்டம்போட்ட சாரம் விட்டு வச்சிருக்கேன். அவங்க வாரதுக்குள்ள நானும் வந்துருவேன், அந்தக் கோலத்தைப் பாக்க வேண்டாமா?"

கதவைச் சாத்தப் போனவள் திரும்பி வந்து, சீட்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"பேண்ட்தான் வேணும்னா, பாத்திரக்காரன் மத்தியானம் நம்ம தெருவுக்கு வாரான். இந்த வாளியைக் குடுத்துக் கேட்டுப் பாரு."