உள்ளங்கைச் சீனி

அன்புள்ள அம்மாவுக்கு, கட்டாரிலிருந்து பிரதாப் எழுதுவது. நான் சுகம். லிந்துலையில் குளிர் கூடிவிட்டதா? உங்கள் கால்வலி எப்படி?

போன போட்டோவைப் பார்த்து, "இப்பதாய்யா ஆளு தேறியிருக்க" என்றீர்களே, அந்த உடம்பு கூடிப்போச்சு என்கிறார் கம்பெனி டாக்டர். எனக்கு மட்டுமில்லை, கேம்ப்பில் பாதிப்பேருக்கு. அதனால் மெஸ்ஸில் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, ஆளுக்கொரு கரண்டி தனியாகத் தருகிறார்கள். எல்லாரும் கத்தினார்கள். நான் நம் தோட்டத்து லய வீடுகளில் செய்வதுபோல் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடித்தேன். அரைக் கரண்டி மிஞ்சியது. இன்று மேசை முழுக்க உள்ளங்கைகள்தான், அம்மா. டாக்டரும் நக்கிப் பார்த்து, எந்த ஊர்ப் பழக்கம் என்று கேட்டார். லிந்துலை என்று சத்தமாகச் சொன்னேன்.

இங்கே தேத்தண்ணியில் சாயமே இல்லை. நம் தோட்டத்துத் தேயிலைத் தூள் ஒரு பாக்கெட் அனுப்புங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அடுத்த போட்டோவில் கன்னம் வற்றியிருந்தால், பிள்ளை பட்டினியென்று அழுதுவிடாதீர்கள்.

பிரதாப்