அம்மன் மரத்து இலை

எம். புதுப்பட்டி
புரட்டாசி 9

அன்பு மகள் கற்பகவல்லிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் உன் சுகம், மாப்பிள்ளை சுகம், வயிற்றில் ஆறு மாதமாக இருக்கிறவரின் சுகம் மூன்றையும் அறியவே மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இங்கே பட்டாசு சீசன், தோட்டத்து வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ராக்காயி மட்டும் பட்டாசுக் கம்பெனியை விட்டுவிட்டு நம் முருங்கை இலை உருவ வந்தாள், இது வெடிக்காதுல்லண்ணே என்று சிரித்தாள். இப்போது அவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரை தடித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

முந்தாநாள் போனில் நாங்கள் அனுப்பிய முருங்கைப் பொடியைத் தொடாதே, டாக்டரிடம் போ என்று மட்டும் சொன்னேன். ஏன்ப்பா, ஏன்ப்பா என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றாள், போனை வைத்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் எழுதினாலும் பார்த்துவிடுவாள், அதனால்தான் கூரியர். சித்திரையில், நம் இலையை வாங்கிச் சத்து மாத்திரை செய்கிற கம்பெனிக்காரர்கள் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று லேபில் பார்க்க கால் கிலோ இலை கேட்டார்கள். நாலு பேர் பார்க்கிற பொருளாயிற்றே என்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட மரத்தில் போய் ஒடித்தேன். அந்த மரத்துக்கு நாம் ஒருநாளும் மருந்து அடித்ததில்லை. ஏமாற்ற இல்லையம்மா, நல்லதைக் கொடுப்போம் என்றுதான். சுத்தம் என்று காகிதம் வந்தது. அதை நானே நம்பிவிட்டேன், அதுதான் கேடு. போன மாதம் தோட்டத்தில் கம்பளிப்பூச்சிக்கு மருந்து அடித்த நாலாம் நாளே இலை உருவினோம். அந்த இலையைப் பொடித்துத்தான், உனக்கு ரத்தம் ஊறட்டும் என்று இரண்டு கிலோ அனுப்பினோம், காகிதத்தின் நகலையும் சேர்த்து.

போன வாரம் கம்பெனிக்காரர்கள் நம் லோடிலிருந்தே எடுத்துச் சோதித்ததில், இருக்கலாம் என்ற அளவைப்போல் பன்னிரண்டு மடங்கு மருந்து. மூட்டையெல்லாம் திரும்பி வந்துவிட்டது. விலை படியவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், மருந்தின் பெயர் அதில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டு. என்னைத் திட்டினால் திட்டட்டும். அசைவு குறைந்த மாதிரி இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாயாம். பேரன் தூங்குமூஞ்சியா இருப்பான்போல என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதையும் டாக்டரிடம் சொல்.

என் ஆயுசையும் சேர்த்து மாரியாத்தா உங்களுக்குக் கொடுக்கட்டும். ஒன்று மறக்காதே. முதல் காகிதத்தைப் பிரிட்ஜில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் தினமும் இரண்டு கரண்டி தைரியமாகக் குடிக்கிறேன் என்றாயே, அதைக் கிழித்துப் போடு. டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கு மட்டும் சொல்.

உன் அப்பா
பெத்தணன்