கெட்டில் ரெக்கார்ட்ஸின் கடைசி டேப்

விட்பி,
14 மார்ச் 1989

அன்புள்ள நெவிலுக்கு,

இங்கே நலம். சிகாகோவில் உன் கச்சேரிக்கு நல்ல கூட்டமாமே, சந்தோஷம். தொண்டையைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

நம் கெட்டில் ரெக்கார்ட்ஸ் கம்பெனி இனி நம்முடையது இல்லை. வெள்ளிக்கிழமை நானும் கிளைவும் விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஏழு வருஷத்துக்கு முன் உன் முதல் இசைத்தட்டுக்கு என் சமையலறை மேசையில் அட்டை ஒட்டினோமே, அன்று சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? உன் மூன்றாவது தட்டு ரேடியோவில் ஓடிய பிறகுதான் லண்டன் கம்பெனிக்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். முதலில் பாதி கேட்டார்கள். இப்போது முழுசும் அவர்களுடையது.

நேற்று ஃபேன்ஷா என்ற அவர்களுடைய ஆள் பாட்டுப் பதிந்த டேப்புகளை எடுத்துப்போக வந்தார். வெளியிட்டது, வெளியிடாதது எல்லாமே அவர்களுக்குத்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நான் சரியாகப் படிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர் நிமிர்ந்து, "ஒண்ணு குறையுதே மிசஸ் பிரெய்த்வெயிட். மனைவி ஜோன் இறந்த வாரத்துல நெவில் தனியா பாடினாராமே, அது எங்க? கிறிஸ்துமஸுக்கு விட்டா பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார்.

அந்த டேப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் நீ, நான், கிளைவ் மூன்று பேர்தான். கிளைவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் மேலேயே வேறு பாட்டைப் பதிந்துவிட்டோம், அழிந்துவிட்டது என்றேன். "அப்படியா? அதையே எழுதிக் கொடுத்துடுங்க. பொய்யா இருந்தா எங்க வக்கீல் பேசுவாரு" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனபின் கிளைவ் மாடியில் அலமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. என்ன தேடுகிறாய் என்றேன். "சாக்ஸ்" என்றான். பதினோரு வருஷம் கூடவே வாழ்ந்த புருஷனைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது, நெவில்.

இன்று காலை டேப்பை பிஸ்கட் டப்பாவில் வைத்து லீட்ஸிலிருந்து விட்பிக்கு பஸ் ஏறினேன். வழியில் ஏறிய ஒவ்வொருவரும் ஃபேன்ஷாவின் ஆளாகவே தெரிந்தார்கள். உன் அக்கா ஈனிட் கதவைத் திறந்து, "என்னடி ஹில்டா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். மேலே ஒன்றும் கேட்காமல் டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எனக்கு டீ போட்டாள். இங்கே அவள் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குத் திரும்பக் கால் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் போன் செய்யாதே, கிளைவ்தான் எடுப்பான். லண்டனிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடாதே. யார் கேட்டாலும் அழிந்துவிட்டது என்றே சொல். நீ மாற்றிச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன்.

டேப்பை எரித்திருக்கலாம்தான். கை வரவில்லை. அதில் ஜோனை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாய். என்றாவது ஒரு நாள் அதைக் கேட்கிற தைரியம் உனக்கு வரட்டும்.

உன் தோழி,
ஹில்டா