நான்கு மூட்டையோடு நிறுத்திய பாலம்

உத்திரமேரூர்
திருவள்ளுவர் ஆண்டு 2015, புரட்டாசி 2

அன்பு மகள் நன்முல்லைக்கு,

நானும் உன் அப்பாவும் உடலளவில் நலமே. நாகபுரியில் நீயும் நலமாயிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அந்த நம்பிக்கையைத் தவிர இப்போது என் கையில் வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு இருமல் தணிந்துவிட்டது. சிவப்புப் பசு கன்று ஈன்றிருக்கிறது, கிடாரி. அம்முலு அத்தை மகளுக்கு ஐப்பசியில் திருமணம் உறுதியாயிற்று, உன்னைத் தவறாமல் அழைக்கச் சொன்னார்கள். இவற்றையே விரித்தெழுதி மடலை முடித்துவிடலாமா என்று மூன்று நாளாக எண்ணினேன், மூன்று தாளைக் கிழித்தும் போட்டேன். பல்லாயிரவர் முன்னே நாத்தடுமாறாத உன் அம்மாவுக்கு ஒரே ஒருத்திக்கு உண்மை எழுதக் கை வரவில்லை.

கோடை விடுமுறையில் வந்திருந்தபோது நம் பள்ளியின் தொழிற்கல்வி மாணவர்க்கு விசையும் சுமையும் கற்பித்தாயே, கரும்பலகையில் அல்லாமல் அவர்கள் கையாலேயே கட்ட வைத்து. ஏரி மதகுக்குக் கீழே வாய்க்காலின் குறுக்கே பன்னிரண்டடிப் பாலம். சவுக்குக் கழியும் மூங்கிலும் கயிறும்தான். எத்தனை மண்மூட்டை தாங்கும், எவ்விடத்தில் முறியும் என்று ஒவ்வொருவரும் முன்னதாகவே கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், கடைசி நாளில் மூட்டைகளை ஒவ்வொன்றாய் ஏற்றி முறித்தே பார்க்க வேண்டும், முறிவதுதான் பாடம் என்றாய். அந்நாளுக்கு முன்பே நீ கற்பிக்கும் கல்லூரியிலிருந்து தந்தி வந்து புறப்பட்டுவிட்டாய். பேருந்துப் படியில் நின்றபடியும், முறிக்காமல் விட்டுவிடாதே அம்மா என்றுதான் சொன்னாய்.

நான் முறிக்கவில்லை, முல்லை. மாணவரின் ஆய்வை நான் கூட்டமாக்கினேன், ஒலிபெருக்கி கட்டினேன், பெற்றோரை எல்லாம் வரவழைத்தேன். நான்கு மூட்டை ஏறியது, பாலம் முனகக்கூட இல்லை, கூட்டம் கைதட்டியது. அந்த ஒலி காதில் விழுந்தபின் நான் யார் சொல்லையும் கேட்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரன் என்று நீ பாராட்டினாயே செங்கேணி, அவன் மேடையோரம் வந்து, "இன்னும் மூட்ட கீது டீச்சர், ஏத்திப் பாக்காம எப்டித் தெரியும்" என்றான். கையசைத்து அவனை அனுப்பிவிட்டு, குடவோலை கண்ட ஊரின் பிள்ளைகள் கட்டிய பாலம் இது, இனி ஊரே இதன்மேல் நடக்கலாம் என்று முழங்கினேன். மாலையும் போட்டார்கள். எத்தனை மூட்டையில் முறிந்தது என்று நீ மடலில் கேட்டபோது, கூடுதலாய்ச் சொன்னால் மகிழ்வாய் என்று பதினொன்று என எழுதினேன். முதலாண்டு மாணவர்க்கு இம்முறையிலேயே கற்பிக்க இசைவு கேட்டுக் கல்லூரிக்கு அளித்த விண்ணப்பத்தில் அந்தப் பதினொன்றையும் சேர்த்திருப்பதாகச் சென்ற கிழமை நீ எழுதியிருந்தாய். அன்றே திருத்தி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

உன் மடல் வந்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, சொர்ணவாரிப் பருவ நெல் அறுவடை முடித்துப் பெண்கள் நால்வர் தலையில் ஈரக் கதிர்க்கட்டோடு பாலத்தில் ஏறினார்கள். நடுவில் வந்தபோது முறிந்தது. மூவர் தண்ணீரில் விழுந்து எழுந்துவிட்டார்கள். காலனி மார்த்தாள், செங்கேணியின் பெரியம்மா, கழிக்கு அடியில் சிக்கித் தொடை எலும்பு முறிந்து செங்கற்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். ஊராட்சித் தலைவர் தாமோதரன் தேநீர்க் கடையில், "படிச்ச பொண்ணு வந்து கழியில கணக்கு போட்டுச்சாம், கணக்கு தண்ணியோட பூட்ச்சி" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். தலைமையாசிரியரோ செங்கேணி தவறாகக் கணக்கிட்டான் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். வரும் திங்களன்று கல்வி அலுவலர் வந்து உசாவப் போகிறார், அவன் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு. என்னை நோக்கி ஒருவரும் விரல் நீட்டவில்லை. அந்தப் பிள்ளையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஞாயிறன்று மார்த்தாளைப் பார்க்கப் போனேன். சினமே இல்லாத குரலில் சொன்னாள்: "ஊரே நடக்கலாம்னு நீதானம்மா மைக்ல சொன்ன. அத்த நம்பித்தான் ஏறினேன். இல்லன்னா எப்பவும் போல தண்ணியில எறங்கிப் பூட்டிருப்பேன்." பிறகு, பையனைப் பள்ளியில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். வாங்கிப் போன பழத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வந்ததும் அலமாரியைத் திறந்தேன். கூட்ட நாளில் மாணவரிடம் வாங்கிப் பூட்டிய குறிப்பேடுகள் அங்கேயே இருந்தன, ஒன்றையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. முப்பத்தைந்து கிலோ மூட்டை ஒன்பது தாங்கும், அதற்குமேல் தாங்காது, இடப்பக்கக் கழி நடுவில் முறியும் என்று செங்கேணி சிவப்பு எழுதுகோலால் குறியிட்டிருக்கிறான். வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்தேன், கழி அந்தக் குறியில்தான் முறிந்திருக்கிறது. நால்வரையும் கட்டுகளையும் கூட்டினால் ஒன்பது மூட்டைக்குச் சற்றே மேல் வருகிறது. அவன் கணக்கும் பிழையில்லை, உன் பாடமும் பிழையில்லை. முறிந்து பாடமாக வேண்டியதை வழியாக்கியவள் நான்.

திங்களன்று அந்தக் குறிப்பேட்டோடு போய் நிற்க வேண்டும். வேலை போகலாம், இனி எந்த மேடைக்கும் அழைக்காமல் போகலாம், அது போகட்டும். எனக்கு அச்சமெல்லாம் என் நாவின்மேல்தான், முல்லை. நான்கு மூட்டையோடு நிறுத்தினேன் என்று சொல்லப் போனால் அது தானாகவே வேறு அழகான தொடரைத் தேடிக்கொள்ளும். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ ஒருத்தி அறிந்துவிட்டால் பிறகு எனக்குப் பின்வாங்க வழியில்லை. அதற்காகவே இதை இன்றே அஞ்சலில் சேர்க்கிறேன். உன் மறுமொழி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என்னைத் தேற்றி எழுதாதே, செங்கேணிக்கு இரண்டு வரி எழுது.

நீ நீடு வாழ்க, உன் கைப்பட்ட பணியெல்லாம் ஓங்குக. வேளைக்கு உண், குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள். மறவாமல் உன் விண்ணப்பத்தில் அந்தப் பதினொன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுது. சான்று கேட்டால் மார்த்தாளின் கால் என்று சொல்.

உன் அம்மா,
சுலோச்சனா