மூன்று காய்ந்த நாட்கள்

ஓல்டன்
சுவிட்சர்லாந்து
12.07.2025

அன்பின் ஈசனுக்கு,

இன்று காலை எழும்பியதும் முதலில் மகளின் அறைக்குப் போய், அங்கே வைத்திருந்த வாளியைத் தூக்கிக் குளியலறையில் ஊற்றினேன். இரவு மழையில் பாதி நிறைந்திருந்தது. லக்சாயினி ஃப்ரிபூர்க்கில் படிக்கப் போனபின் அந்த அறையில் வாளிதான் குடியிருக்கிறது. புகைபோக்கி ஓரமாகக் கூரைப் பூச்சு வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா விடுவாவா?

"மனுசன் டாவோசில ஹொட்டல் ஹொட்டலாக் கூரை பூசுறார். நீர் இஞ்ச வாளி வைச்சுக்கொண்டிரும்!"

மாசியில் நீங்கள் அனுப்பிய விவாகரத்துத் தாள் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. போனில் தொடங்கினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். கூரையை நீங்களே வந்து பூசுங்கள். அந்த நாட்களில் வீட்டிலேயே தங்குங்கள். ஒன்றாக இருந்து சாப்பிட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகும் முடியாது என்று தோன்றினால் கையெழுத்து வைத்துத் தருகிறேன்.

சளி இருந்தால் கூரையில் நிற்காதீர்கள்.

அன்புடன்,
ரூபி

டாவோஸ்
25.07.2025

அன்பின் ரூபிக்கு,

இவ்வளவு நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் பிந்திவிட்டது. நீர் கேட்டதற்குச் சம்மதம்.

ஒரு நாள் கழுவிக் காயவிட வேண்டும். அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு பூச்சு. மூன்று நாளும் ஒரு துளி விழக்கூடாது. விழுந்தால் குமிழி எழும்பும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். வருகிற செவ்வாய் தொடக்கம் வியாழன் வரை உங்கள் பக்கம் நல்ல வெயில் காட்டுகிறது. லீவு கேட்டுவிட்டேன். முதலாளி முகத்தைச் சுழித்தார். வெயில் நாளில் கூரைக்காரன் லீவு கேட்டால் எந்த முதலாளிதான் சிரிப்பான்?

ரசம் வைத்தால் உறைப்பைக் குறையும். இப்போது வயிறு தாங்குதில்லை.

ஈசன்

ஓல்டன்
26.07.2025

அன்பின் ஈசனுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். ஆடி மாதம்.

வெறும் கூரை வேலை என்றால் நான் நாள் பார்க்க மாட்டேன். ஆனால் நாங்கள் திரும்பத் தொடங்கப் போகிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை ஆடியில் தொடங்க மனம் வரவில்லை. எங்கள் கலியாணத்துக்கும் நாள் பார்க்கவில்லை. பதிவுக் கந்தோர் தந்த நாளில் எழுதினோம். இந்த முறையாவது எல்லாம் சரியாக இருக்கட்டும். ஆவணி பிறக்க நல்ல நாள் வருகிறது. அதுவரை பொறுங்கள். கோபிக்க வேண்டாம்.

உறைப்பில்லாமல் ரசம் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ரூபி

ஓல்டன்
31.08.2025

அன்பின் ஈசனுக்கு,

ஆவணி வந்தது, மழையும் கூடவே வந்தது. இரண்டு நாள் காய்ந்தால் மூன்றாம் நாள் கொட்டுகிறது. நீங்களோ ஒரு வரிகூட எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்கு நடுவிலும் போனை எடுத்து வானிலை பார்க்கிறேன். நான் பராமரிக்கும் கிழவர் ஒருவர் கண்ணைச் சிமிட்டி, "காதலன் எழுதுகிறானா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் என்றாலும் எழுதுங்கள்.

ரூபி

டாவோஸ்
12.09.2025

அன்பின் ரூபிக்கு,

வருகிற செவ்வாய் தொடக்கம் வியாழன் வரை மழை இல்லை. என்னோடு வேலை செய்கிற திலக்சன் வருவார். காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல வேலைக்காரன்.

நான் வரவில்லை.

ஆடியில் உமது கடிதம் வந்தபோது பையைக் கட்டி வைத்திருந்தேன். வாசித்ததும் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆறுதலாக இருந்தது. பரீட்சையைத் தள்ளிவைத்தது போல. அன்று இரவு நல்ல நித்திரை. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஆவணியில் உங்கள் பக்கம் மழை என்று காட்டிய ஒவ்வொரு நாளும் அதே ஆறுதல். அதை எப்படி உமக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன்.

ஆடி மாதத்தைக் குற்றம் சொல்லாதேயும். உம்மையும் சொல்லாதேயும்.

ஈசன்

ஓல்டன்
20.09.2025

அன்பின் ஈசனுக்கு,

திலக்சன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். நேற்று இரவு மழை பெய்தது. மகளின் அறையில் ஒரு சொட்டும் இல்லை.

மூன்று நாளும் அவருக்குச் சமைத்தேன். ரசத்தைக் குடித்துவிட்டு, "அக்கா, உறைப்புப் போட மறந்திட்டியளோ?" என்று கேட்டார். நீங்கள் அடிக்கடி போன் எடுத்து, புகைபோக்கி ஓரம் சரியோ, இரண்டாம் பூச்சு காய்ந்ததோ என்று கேட்டீர்களாம்.

"மனிசி வருத்தமெண்டு ஆஸ்பத்திரியில படுத்தாலும் ஒருத்தன் இவ்வளவு போன் எடுக்கமாட்டான் அக்கா!"

நானும் சேர்ந்து சிரித்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. போகும்போது, "அண்ணை எப்ப வாறார்?" என்று கேட்டார். "குளிர் தொடங்க வருவார்" என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது.

நீங்கள் எழுதிய அந்த ஆறுதலை என்னிடமும் தேடிப் பார்த்தேன். துளியும் இல்லை, ஈசன். ஒவ்வொரு மழை நாளும் நான் யன்னலடியில் நின்று, நாளைக்கு வெளிக்கும், நாளைக்கு வெளிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதே மழையைப் பார்த்து நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபப்பட ஆசையாக இருக்கிறது. நீங்கள் பொய் எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். உண்மையை எழுதியவரோடு என்ன சண்டை பிடிப்பது?

ஆடியிலேயே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வந்து, சாப்பிட்டு, மூன்றாம் நாள் பையைத் தூக்கியிருப்பீர்களோ? அல்லது நான்காம் நாளும் இருந்திருப்பீர்களோ? அது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகமுன் கையெழுத்து வைக்கப் போகிறேன். லக்சாயினிக்குச் சொல்லவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் தாளோடு ஒரே உறைக்குள் வைத்துத்தான் அனுப்புவேன். ஆகவே அதுவரை உங்களுக்கும் தெரியாது.

இன்றும் நாளையும் மட்டும் உங்கள் மனைவியாக இருந்துகொள்கிறேன்.

ரூபி