எல்ம் கட்டையையும் விட்டுவைக்கவில்லை

இல்லை, இன்னும் குளிரில் விறைத்துப் போகவில்லை. நலம்தான், லூசியன். நீயும் அந்த டூசான் பாலைவன வெயிலில் நலமாக வெந்துகொண்டிருப்பாய். அக்டோபரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வடக்கே மெய்ன் குளிரில் இருக்கும் அம்மாவின் விறகுக்காகக் கவலைப்படப் பெரிய மனசு வேண்டும். நீ கேட்டதற்குப் பதில், ஆமாம், பிளந்தாகிவிட்டது. முழுவதும். யார் பிளந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆளை அனுப்பியவனே நீதான்.

சனிக்கிழமை காலை பீன்ஸ் பானையை ஏற்றிவிட்டு ஜன்னலில் பார்க்கிறேன், அர்மானின் லாரி. பின்னால் நம் மாதா கோவில் விறகு வங்கியின் விறகு பிளக்கும் மிஷின் குலுங்கிக்கொண்டு வருகிறது. ஆறு பேர். வயதானவர்கள், நோயாளிகள், துணையில்லாதவர்கள் வீட்டுக்குத்தான் அந்த லாரி போகும். பதினோரு வருஷம் அதில் நானும் போயிருக்கிறேன். யார் வீட்டுக்குப் போகிறோமோ அவரைப் பாவம், பாவம் என்று பேசிக்கொண்டே போவோம். இப்போது என் முற்றத்தில் அதே முகங்கள், அதே பாவம். என்ன வழி தவறிட்டீங்களா, ரூவேல் கிழவர் வீடு அடுத்த வளைவுல இருக்கு என்றேன். அர்மான் தொப்பியைக் கழற்றினார். என் முன்னால் அவர் கடைசியாகத் தொப்பியைக் கழற்றியது உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று. லூசியன் போன் பண்ணான் ஓடெட், நோர்மா நோட்டுல உன் பேரை எழுதிட்டா, எம் பொண்டாட்டி எழுதினதை நான் அடிக்க முடியுமா என்றார். அந்த நோட்டில் இடது பக்கம் வேலைக்கு வருகிறவர்கள், வலது பக்கம் விறகு வேண்டியவர்கள். இடமிருந்து வலம் போக ஒரு போன் போதுமாம். நீ உள்ள போய் உக்காரு, மிஷின்கிட்ட வந்து கையை விட்டுக்காதே என்று எனக்கு அறிவுரை வேறு. அந்த மிஷினின் நெம்புகோலைப் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்.

உட்கார்ந்தேன். கோடரியால் பிளந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சத்தம் உண்டு. பிர்ச் மரம் ஒரு மாதிரி, பீச் மரம் ஒரு மாதிரி. இந்த மிஷினுக்கு ஒரே உறுமல். மூன்று மணி நேரத்தில் போன வருஷத்து மரம் முழுவதும் முடிந்தது, அடுக்கியும் விட்டார்கள், பட்டை கீழே பார்க்க. பட்டை மேலே பார்க்கத்தான் நான் அடுக்குவேன் என்று ஊருக்கே தெரியும். போகும்போது முற்றத்தில் ஒரு கட்டை மிச்சமில்லாமல் முடித்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். முடித்தார்கள். நம் அடிக்கட்டையையும் சேர்த்து. அதேதான், உன் அப்பா உருட்டிக்கொண்டு வந்த எல்ம் மரத்துண்டு. ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டு, நீ பிளந்து குடுக்க மாட்டே, சரி, உம்மேல வச்சு மத்ததைப் பிளக்கறேன் என்று அவர் அதற்கு வேலை போட்டுக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தது. நான் ஜன்னலைத் தட்டுவதற்குள் நார் நாராகக் கிழிந்து நான்கு துண்டு. அர்மான் உள்ளே வந்து, இந்த ஒண்ணை மட்டும் முடியாம விட்டு வச்சிருந்தே போல, முடிச்சாச்சு என்றார், பெருமையாக. அது அடிக்கட்டை என்றேன். மனிதர் பீன்ஸைத் தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டேன், வேண்டுமென்றே.

இனி நம் ஒப்பந்தம். நவம்பர் முதல் தேதி, புனிதர்கள் திருநாளுக்குள் விறகு பிளந்து முடியவில்லை என்றால் குளிர்காலத்துக்கு டூசான் வருகிறேன் என்று ஜூலையில் ஒத்துக்கொண்டேன். முடிந்துவிட்டது. யார் பிளக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. ஆகவே வரவில்லை. இவ்வளவு அழகாகத் தோற்பதற்குத்தான் உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினோமா. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், போனில் அதைக் கிளறாதே. பாதி பிளந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். ஆகஸ்டிலிருந்து வலது தோள் பிடித்துக்கொண்டு, கை காதுக்கு மேல் போவதில்லை. கோடரியைத் தூக்குவேன். பாதியில் நிற்கும். இறக்கி வைப்பேன். மறுநாள் மறுபடி. மொத்தம் பிளந்தது இருபது கட்டை. குரலை வைத்தே உனக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா இருந்திருந்தால் நீ ஜெயித்திருப்பாய், விமான டிக்கெட்டோடு. ஆனால் அர்மானைக் கூப்பிட்டாய். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தோடுதான்.

தண்ணீர் குடி. வெயிலில் தொப்பி போடு, உன் தலையில் அப்பாவுக்கு இருந்ததைவிட முடி குறைவு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொந்தக் கோட்டு கொண்டு வா, போன தடவை போல அப்பாவின் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளாதே. மாதா உன்னைக் காக்கட்டும், எனக்குத் தெரியாமல் எனக்கு நல்லது செய்யும் புத்தியைக் கொஞ்சம் குறைக்கட்டும், முழுவதும் வேண்டாம்.

நோட்டின் வலது பக்கத்திலிருந்து,
உன் அம்மா,
ஓடெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நோர்மாவுக்குப் போன் செய்தேன். வலது பக்கத்தில் என் பெயர் இருக்கட்டும் என்றேன். இடது பக்கத்திலும் எழுதச் சொன்னேன். நெம்புகோலுக்கு ஒரு கை போதும்.