வலைக்கு வெளியே பதினொன்று

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆபீஸ் மெயிலை இயக்குநர் படிக்கிறார். அதனால்தான் காகிதம்.

காய்ச்சல் பரப்பாதபடி மரபணு மாற்றிய எங்கள் கொசுக்கள் வலைக்கூண்டைத் தாண்டவில்லை என்றுதானே அங்கே ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் எல்லா நாடுகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்? தாண்டிவிட்டன. அடுத்த தெருச் சாக்கடையில் நானே பதினொன்று பிடித்தேன். இயக்குநரிடம் சொன்னால், "ஒப்பந்தம் முடியட்டும்ப்பா, அதுவரைக்கும் வாயத் தொறக்காதே" என்கிறார். நீயும் யாரிடமும் மூச்சு விடாதே. உன்னிடமாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

உன் தம்பி

மார்ச் 6

அருமைத் தம்பிக்கு,

கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கொசுக்களை எந்த நாடும் வலைக்கூண்டில் வளர்க்கலாம் என்கிற ஒப்பந்தப் பிரிவுக்கு உங்கள் ஆய்வகம்தான் ஆதாரம். வியாழக்கிழமை முடிவு. ஒரு தீவு நாட்டு அம்மா இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நம்பித்தான் தலையாட்டுறோம்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீயே உன் பெயர் போட்டு எழுதிக் கொடுடா. வியாழனுக்குள் வர வேண்டும். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

என்னால் முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கதையே முடிந்துவிட்டது. உங்கள் மாநாட்டுப் பதிவு மேசையில் எந்தக் காகிதம் விழுந்தாலும் மொழிபெயர்த்து எல்லா நாடுகளுக்கும் கொடுத்துவிடுவார்களாமே! உன் கோப்போடு என் கடிதமும் போய், உன் முழங்கால் வலி இப்போது ஆறு மொழிகளில் இருக்கிறதாம். சிரிப்பதா அழுவதா?

வேலை போயிற்று. வேறு ஆய்வகங்களும் போனை எடுப்பதில்லை. என் மனைவியோ, "உங்க அக்கா வேணும்னேதான் செஞ்சிருக்காங்க" என்று குதிக்கிறாள். "எங்கக்காவ எனக்குத் தெரியாதா? மூக்குக் கண்ணாடியத் தலையில வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுறவ" என்று வாயை அடைத்தேன். நீ நினைத்து நினைத்துப் புழுங்காதே. கை தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதான்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இங்கே எல்லோரும் என்னைப் பார்த்து, "பாவம், கவனக்குறைவு" என்கிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

கோப்புகளை உதவியாளர்தான் பதிவு மேசைக்குக் கொண்டுபோவார். அன்று நானே போனேன். வியாழன் காலை தபால் வரும்வரை பொறுத்தேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

உனக்குச் செய்தது துரோகம். ஆனாலும் அந்த மேசைக்கு முன்னால் மறுபடி நிறுத்தினால் அதையேதான் செய்வேன், அதனால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. திட்டியாவது நாலு வரி எழுது. இனிமேல் எனக்காக வீட்டில் சண்டை போடாதே. அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்லிவிடு.

அக்கா